மூன்று நாள் வாடகைக் கார், இரண்டு குடம் தண்ணீர்

எலெக்ட்ரிக் கார் வாங்கலாம் என்று போன ஷோரூமில் எங்களுக்குக் கிடைத்த டெஸ்ட் டிரைவ் மொத்தம் 18 நிமிடம். பெருந்துறை ரோட்டில் மூன்று கிலோமீட்டர் போய், ஒரு பெட்ரோல் பங்க்குக்கு எதிரே திரும்பி, வந்த வழியே வந்து சேர்ந்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞர் வழியெல்லாம் கூரைக் கண்ணாடியைப் பற்றியும் காற்று வரும் சீட்டைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். "ஊட்டிக்கு ஏறுமா?" என்று பின்னாலிருந்து மனைவி கேட்டதற்கு, "தாராளமாக ஏறும் மேடம்" என்றார். அவர் அந்தக் காரில் ஊட்டிக்குப் போயிருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து 17 லட்சத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், பெட்ரோல் செலவு மிச்சம், ஐந்து வருடத்தில் இவ்வளவு என்று ஒரு தாள் முழுக்க எழுதியாகிவிட்டது. அத்தை அதை எட்டிப் பார்த்தார். மனைவியின் அம்மா, எங்களோடுதான் இருக்கிறார். சந்தையில் கால் கிலோ வெண்டைக்காய் வாங்கினாலும் நுனியை ஒடித்துப் பார்க்காமல் கூடையில் போடமாட்டார். "மூன்று கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து வாங்க அதென்ன சைக்கிளா மாப்பிள்ளை?" என்றார்.

அப்படித்தான் கோயம்புத்தூரில் அதே காரை, அதே 45 யூனிட் பேட்டரியோடு, மூன்று நாள் வாடகைக்கு எடுக்கும் யோசனை வந்தது. நாளுக்கு 4,500 ரூபாய். 13,500 ரூபாய் தண்டம் என்று முதலில் தோன்றியது. பிறகு தாளில் இருந்த 17 லட்சத்தைப் பார்த்தேன், தண்டமாகத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை வண்டியை எடுத்தபோது பேட்டரியில் 52 சதவீதம் இருந்தது. பச்சை நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து. சொந்தக் கார் என்றால் வெள்ளை எழுத்தாக இருந்திருக்கும். எங்கள் ஊரான ஈரோடு 100 கிலோமீட்டர்தான், அப்படியே போய்விடலாம். ஆனால் வெளியில் சார்ஜ் போடுவதையும் பார்த்துவிட வேண்டும் என்று அவிநாசி தாண்டி ஒரு ஹோட்டல் வாசலில் இருந்த சார்ஜருக்கு வண்டியைத் திருப்பினேன். அங்கே ஒரு மணி நேரம் போயிற்று. அதில் சார்ஜ் ஏறியது 25 நிமிடம். மீதி நேரம் எங்கே போனது என்றால், சார்ஜர் நிறுவனத்தின் செயலியை இறக்கி, பெயர் பதிந்து, 500 ரூபாய் போட்டால்தான் வேலை தொடங்கும் என்று தெரிந்து அதையும் போட்டேன். காரில் செருகும் முனையை 'கன்' என்கிறார்கள். முதல் கன்னின் திரை செத்துக் கிடந்தது. இரண்டாவதைச் செருகினால் 'காத்திருக்கவும்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்ட பிறகு, அவர்கள் எங்கிருந்தோ அதை அணைத்து உயிர்ப்பித்தார்கள். அந்த நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இன்னொரு நாள் இன்னொருவருக்கு முதல் தடவையிலேயே வேலை செய்திருக்கலாம்.

அந்த ஒரு மணி நேரத்தில் உருப்படியாகக் கிடைத்தது, பக்கத்தில் சார்ஜ் போட வந்த எலெக்ட்ரிக் டாக்ஸி டிரைவரின் பேச்சு. ஷோரூம் இளைஞர் சொல்லாத இரண்டு விஷயங்களைச் சொன்னார். ஒன்று, 80 சதவீதத்துக்கு மேல் வேகச் சார்ஜரில் நிற்கக்கூடாது; அதன்பிறகு பேட்டரியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கடைசி 20 சதவீதம் ஏறுவதற்குள் டிபன், காபி, இன்னொரு காபி என்று ஆகிவிடும். இரண்டு, மலை உச்சியில் தங்கினால் 100 வரை ஏற்றக்கூடாது. இறங்கும்போது மோட்டார் டைனமோவாக மாறி மின்சாரத்தைத் திருப்பி உள்ளே தள்ளும். பேட்டரி நிரம்பியிருந்தால் அதை வைக்க இடம் இருக்காது. அப்போது வண்டியை இழுத்துப் பிடிக்கிற அந்தச் சக்தி குறைந்துவிடும், பிரேக் ஒன்றையே நம்பி இறங்க வேண்டியிருக்கும். "பானை நிறைந்திருக்கும்போது குழாயைத் திறந்தால் எங்கே போகும் சார்?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து சேர இரவு ஒன்பதரை. போர்ட்டிகோவில் முன்பு ஏ.சி.க்காகப் போட்டுவைத்த 15 ஆம்ப் பிளக் இருந்தது. காரோடு தந்த சார்ஜர் வயரை அதில் செருகி, மறுமுனையைக் காரில் மாட்டினேன். வயரின் நடுவில் செங்கல் அளவுக்கு ஒரு பெட்டி. அதில் பச்சை விளக்கு எரிய வேண்டும். சிவப்பு எரிந்தது. பிடுங்கி மாட்டினேன், சிவப்பு. சுவிட்சை அணைத்துப் போட்டேன், சிவப்பு. ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் பெட்டியின் பின்பக்கத்தில் இருந்த பொடி எழுத்தைப் படித்துவிட்டு, "அப்பா, எர்த் இல்லையாம்" என்றாள்.

எங்கள் எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன். அவர் சிரித்தார். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் இருக்கிறதா இல்லையா என்று மிக்ஸியும் கிரைண்டரும் கேட்பதில்லை, காரின் சார்ஜர் கேட்கும், சரியாக இல்லையென்றால் ஒரு யூனிட்கூட ஏற்றாது என்றார். "எர்த் குழி எங்கே இருக்கிறது தெரியுமா?" எனக்குத் தெரியவில்லை. பதினொரு வருடமாக இருக்கிற வீடு. அத்தைக்குத் தெரிந்திருந்தது. காம்பவுண்டுச் சுவர் ஓரம், செம்பருத்திச் செடிக்குப் பின்னால், உடைந்த தொட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்த இடம். தொட்டியை நகர்த்தி, செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால், சிமெண்ட் மூடிக்குக் கீழே மண் பொடிப்பொடியாகக் காய்ந்து கிடந்தது. ஈரோட்டு ஏப்ரல் வெயிலைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. காய்ந்த மண்ணில் எர்த் சரியாக வேலை செய்யாது என்று எலெக்ட்ரீஷியன் சொன்னபடி இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினோம். மண் சத்தம் போட்டு உறிஞ்சியது. அரை மணி கழித்துச் செருகினேன். பச்சை.

அந்தச் சந்தோஷத்தில் நாங்கள் இருக்கும்போது அத்தை மெதுவாக ஆரம்பித்தார். வாஷிங் மெஷினைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது என்று தை மாதத்திலிருந்து சொல்லிவருகிறார். ஈரக் கையோடு தொட்டிருப்பீர்கள் என்றேன் நான். வயதானால் நரம்பு அப்படித்தான் என்றாள் அவர் மகள். இப்போது யாரும் எதுவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு 100 சதவீதத்தோடு கிளம்பினோம். பெருந்துறை, விஜயமங்கலம் டோல், அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம். இந்தச் சாலையில் எங்கள் பழைய பெட்ரோல் காரில் 50 தடவையாவது போயிருப்பேன். ஒரு தடவையும் மனைவி பெட்ரோல் முள்ளைப் பார்த்ததில்லை. இந்த முறை அவிநாசி வரை "94... 91... 88" என்று நேரடி வர்ணனை. நானும் சும்மா இல்லை. நான்கு வழிச் சாலையில் 110 போனால் சதவீதம் எப்படி உருகுகிறது என்று பார்க்கவே பத்து நிமிடம் அழுத்தினேன். கண்ணெதிரே கரைந்தது. 85க்கு இறக்கியதும் அடங்கியது. விளம்பரப் புத்தகத்தில் நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் என்று போட்டிருந்ததன் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. அந்தச் சோதனை ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் வைத்துச் செய்வது. அதில் வேகம் 90ஐத் தாண்டுவதில்லை, பெரும்பகுதி ஊருக்குள் ஓட்டுவதுபோல நின்று நின்று போவது. பொய் என்று சொல்லமாட்டேன், அது நம் சாலை இல்லை, அவ்வளவுதான். மேட்டுப்பாளையத்தில் 66 சதவீதம். 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 15 யூனிட் ஆகியிருக்கிறது. அப்படியானால் நான்கு பேர், ஏ.சி. போட்ட பயணத்துக்கு எனக்குக் கிடைப்பது 300. இது மட்டும் ஷோரூமில் தெரிந்திருந்தால் போதும், பாதிக் கேள்விகள் கேட்டிருக்கமாட்டேன்.

கல்லாறில், ஊட்டிக்குப் போகும் வண்டிகளுக்கான இ-பாஸைப் பார்த்து அனுப்பினார்கள். அதைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் ஒன்று புரிந்தது: மலை ஏற இதைவிடச் சுகமான வண்டியில் நான் உட்கார்ந்ததில்லை. கியர் இல்லை, உறுமல் இல்லை. கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்று மறுபடி எடுக்கும்போது, பின்னால் உருண்டுவிடுமோ என்ற அந்தப் பழைய வயிற்றுக் கலக்கம் இல்லை. காலை வைத்தால் போகிறது. ஜன்னலை இறக்கினால் பூச்சிகளின் ரீங்காரம் கேட்கிறது.

ஆனால் 14 வளைவு முடிவதற்குள் மகள் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் பழைய காரில் இதே மலையில் முறுக்குத் தின்றுகொண்டே வந்தவள். காரணம் நான்தான். காலை எடுத்தவுடன் வண்டியைத் தானாக இழுத்துப் பிடிக்கும் அமைப்பை, மின்சாரம் திரும்பக் கிடைக்கும் ஆசையில், உச்ச அளவில் வைத்திருந்தேன். ஏற்றத்தில் அதனால் ஒரு பயனும் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் பின்சீட்டுக்காரர்கள் தலை முன்னே போய்ப் பின்னே வந்துகொண்டிருந்தது. ஓட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. குறைந்த அளவுக்கு மாற்றினேன்; அத்தை ஒரு எலுமிச்சம்பழத்தை மகளின் மூக்கருகே பிடித்தார். குன்னூரில் ஒரு சுக்குக் காபிக்குப் பிறகு சரியானாள். கார் வாங்கினால் யார் ஓட்டுவது, எப்படி ஓட்டுவது என்பதில் இனி அவளுக்கும் ஒரு வாக்கு உண்டு.

குன்னூரில் 40 சதவீதம், ஊட்டியில் 31. மேட்டுப்பாளையத்திலிருந்து 51 கிலோமீட்டர்தான், அதற்கு 35 சதவீதம். திரையில் 'இன்னும் இவ்வளவு தூரம் போகலாம்' என்ற எண் சரிந்துகொண்டே வந்ததைப் பார்த்து மனைவி வர்ணனையை நிறுத்திவிட்டாள். அதுதான் பயத்தின் அறிகுறி. இரவு லாட்ஜில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வண்டியும் ஆட்களுமாக 1,700 கிலோ. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி சுமார் 1,900 மீட்டர் உயரம். அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே கிட்டத்தட்ட 9 யூனிட் வேண்டும். பெட்ரோல் காரும் இதே கப்பத்தைக் கட்டித்தான் ஏறியிருக்கிறது, நமக்கு எண் காட்டாமல்.

லாட்ஜ் காவலாளி 300 ரூபாய் வாங்கிக்கொண்டு ஷெட்டில் ஒரு பிளக்கைக் காட்டினார். செருகிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பச்சை. ஊட்டியில் மண் காய்வதில்லை போலும். டாக்ஸி டிரைவர் சொன்னதை நினைத்து 90இல் நிறுத்த அலாரம் வைத்துப் படுத்தேன். அதற்கு வேலை வரவில்லை. காலை ஐந்தரைக்கு எல்லா அறைகளிலும் ஒரே நேரத்தில் கீசர் போட, டிரிப்பர் விழுந்து மொத்த லாட்ஜும் இருட்டானது. போர்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்த விருந்தாளிகள் ஷெட்டில் நின்ற என் காரைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. கார் அப்போது 80 சதவீதத்தில் இருந்தது. வயரைச் சுருட்டிக்கொண்டேன்.

ஞாயிறு திரும்பும்போது கோத்தகிரி வழி. கோத்தகிரியில் 75. அங்கிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், முழுக்க இறக்கம். இப்போது இழுத்துப் பிடிக்கும் அமைப்பை உச்சத்தில் வைத்தேன்; மகளிடம் அனுமதி கேட்டுத்தான். பிரேக்கில் கால் வைத்தது மிகக் குறைவு. தேயிலைத் தோட்டங்கள் முடியும் இடத்தில் எங்களுக்கு முன்னே போன ஒரு வேனிலிருந்து பிரேக் கருகும் வாடை வந்துகொண்டிருந்தது. எங்கள் திரையில் 76, 77 என்று எண் ஏறிக்கொண்டிருந்தது. மனைவி வர்ணனையை மறுபடி தொடங்கினாள். மேட்டுப்பாளையத்தில் 79. ஓட்டினால் கூடுகிற எண்ணை எந்த வண்டியிலும் நான் பார்த்ததில்லை. 4 சதவீதம்தான், இரண்டு யூனிட்கூட இல்லை, இருந்தும் ஏதோ கடையில் மீதிச் சில்லறை கூடுதலாகத் தந்துவிட்டதுபோல ஒரு திருட்டுச் சந்தோஷம். வழியில் எங்கும் சார்ஜ் போடாமல் ஈரோடு வந்து சேர்ந்தபோது 47 இருந்தது.

பயணத்துக்கு முன் நான் பயந்தது மலைக்கு. மலை ஒரு பொருட்டே இல்லை. நான் யோசித்தே பார்க்காதவை எல்லாம் வேறு: செத்துக் கிடக்கும் சார்ஜர் திரை, பின்சீட்டு வயிறு, வீட்டு எர்த். அப்புறம் இ.பி. கணக்கு. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் 150 யூனிட்; இரண்டு மாதப் பில்லில் 300 யூனிட் கூடும். 500ஐத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். முதலில் போட்ட அந்தத் தாளில் இந்த வரி இல்லை. சேர்த்த பிறகும் பெட்ரோலைவிட மலிவுதான், ஆனால் நான் பெருமையாக வட்டமிட்டு வைத்திருந்த தொகை சுருங்கிவிட்டது.

திங்கட்கிழமை காரை ஒப்படைத்தேன். ஷோரூம் இளைஞர் அன்றே போன் செய்து, முடிவு செய்துவிட்டீர்களா சார் என்றார். ஊட்டிக்கு ஏறும் என்று அவருக்குச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை எலெக்ட்ரீஷியன் ஓர் ஆளோடு வந்தார். பழைய குழியில் பைப் துருப்பிடித்துப்போயிருந்தது. செம்பருத்தியைத் தொடாமல், குழாயடிப் பக்கமாக எட்டடி தோண்டி, புதுப் பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினார்கள். இனி பாத்திரம் கழுவும் தண்ணீர் அந்தப் பக்கமே போகும். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "கார் எப்போது வருகிறது?" என்று கேட்டார் எலெக்ட்ரீஷியன்.

அத்தை அதற்குள் கையை நன்றாக நனைத்துக்கொண்டு வாஷிங் மெஷினை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.