கூடுதல் வாரண்டி வாங்கலாமா?

புதிய ஃபிரிட்ஜுக்குக் கடைக்காரர் நீட்டும் கூடுதல் வாரண்டிக்குப் பணம் கட்டும் முன், தயாரிப்பு நிறுவனமே என்ன தருகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. இன்வெர்ட்டர் வகைகள் (தேவைக்கேற்பக் கம்ப்ரசரின் வேகத்தை மாற்றிக்கொள்பவை) பலவற்றில் கம்ப்ரசருக்கு மட்டும் 10 ஆண்டு வாரண்டி ஏற்கெனவே உண்டு. முழுப் பொருளுக்கோ பெரும்பாலும் 1 ஆண்டுதான். ஆகவே நாம் கூடுதலாகக் காசு கொடுத்துப் பெறுவது முக்கியமாக, உள்ளே இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் போர்டுக்கான பாதுகாப்பையே. ஆனால் அந்தப் போர்டைக் கெடுக்கும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தையும், எலி கடித்த வயரையும் (எங்கள் தெருவில் எலிதான் முதல் எதிரி) பல திட்டங்கள் பொடி எழுத்தில் விலக்கிவைத்திருக்கின்றன. மிக்சிக்கும் மின்விசிறிக்கும் இது வீண் செலவு. போர்டின் விலை அதிகம் என்பதால் இன்வெர்ட்டர் ஏசிக்கு மட்டும், விலக்குகளை முழுவதும் படித்த பிறகு, சொல்லும் தொகையில் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கமா என்று கேட்டுக்கொண்டு வாங்குவேன்.