மூடிய றிங்க்குகளும் திருகோணமலைத் தளங்களும்

திருகோணமலைக்கு வருகிறவர்கள் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளி என்று திட்டம் போட்டுக்கொண்டு வருவார்கள். பையில் ஒரு சோடிச் சில்லுச் சப்பாத்தையும் சேர்த்து எடுத்து வருகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை. எங்கே உருளலாம் என்பதுதான் அவர்களுடைய முதற் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வெளிக்கிட்டால் தளத்தைப் பற்றிப் பேசவேண்டிவரும். தளத்தைப் பற்றிப் பேசினால் மூடிப்போன றிங்க்குகளை, அதாவது சில்லுச் சப்பாத்தோடு சுற்றுவதற்கென்று திறந்த மண்டபங்களை, பேசாமல் விடமுடியாது. அவை ஏன் மூடின என்பதற்குப் பாதிக் காரணம் காலடியில் கிடக்கிறது, மற்றப் பாதி கணக்குக் கொப்பியில்.

முதலில் தார் வீதி. உட்துறைமுக வீதிப் பக்கம் விடியற்காலையில் வாகனம் குறைவு. வெளிச்சம் வந்து பஸ்கள் ஓடத் தொடங்குமுன் முடித்துவிட வேண்டும். தாரில் துருத்தி நிற்கும் சல்லிதான் இங்கே பிரச்சினை. 78 ஏ, 80 ஏ கடினமுள்ள மென்மையான சில்லு (எண் கூடக் கூடச் சில்லு கடினம்), 62 முதல் 65 மில்லிமீற்றர் விட்டம் என்றால் கால் மரத்துப்போகாது. மண்டபத்துக்கென்று செய்த 97 ஏ சில்லோடு இறங்கினால் ஒவ்வொரு சல்லியும் முழங்கால்வரை கேட்கும். மத்தியானம் வேண்டவே வேண்டாம். வெயிலில் தார் இளகிச் சில்லில் ஒட்டும்.

இந்த இளகல்தான் முதற்காலத்து றிங்க்குகளின் தலைவலிகளில் ஒன்று. ஜேம்ஸ் பிளிம்ப்டன் என்ற நியூயோர்க்காரர் 1863இல் நாலு சில்லுச் சப்பாத்துக்குக் காப்புரிமை எடுத்தார். அதற்கு முந்தியவை நேரே மட்டுந்தான் ஓடும். பிளிம்ப்டன் அச்சுக்கும் அடித்தட்டுக்கும் இடையில் இறப்பர் மெத்தை வைத்தார். உடம்பைச் சாய்த்தால் அச்சு திரும்பும். வளையத் தெரிந்த சப்பாத்து வந்த பிறகுதான் நாலு சுவருக்குள் சுற்றுவது சாத்தியமானது. 1866இல் நியூபோர்ட் நகரத்து அத்லாந்திக் ஹவுஸ் விடுதியில் அவர் றிங்க் நடத்தினார். சப்பாத்தை விற்காமல், உரிமம் பெற்ற றிங்க்குகளுக்கு வாடகைக்குத்தான் விட்டார். கெட்டிக்காரத்தனம், ஆனால் போட்டிக்கு வந்தவர்களோடு வழக்காடியே அவருக்குப் பொழுது போனது.

1875, 76இல் இங்கிலாந்து முழுக்க இந்தப் பைத்தியம் பிடித்தது. அவசரத்தில் திறந்த பல றிங்க்குகளுக்குத் தாரோ சீமெந்தோதான் தளம். சில்லு மரத்தில் கடைந்தது. சொரசொரத்த தளத்தில் மரச்சில்லு அரைபட்டுத் தூளாகும், ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகும், பிறகு சப்பாத்து நடுங்கும். புதுமை தீர்ந்ததும் வருகிறவர்களும் குறைய, சில வருடத்திலேயே பல இடங்களுக்குப் பூட்டு விழுந்தது.

பிரெட்றிக் கோட்டைக்குள் போகும் ஏற்றத்தைப் பார்த்துச் சிலருக்கு ஆசை வரும். விட்டுவிடுங்கள். அது கோயிலுக்குப் போகிற வழி, உள்ளே இராணுவமும் இருக்கிறது, போதாக்குறைக்கு மான்கள் எந்நேரமும் குறுக்கே வரும். சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடந்து போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம்.

டச்சுக்குடாக் கடற்கரைப் பக்கம் உருண்டவர்கள் அன்று இரவே செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. மணலும் உப்பும் பெயாரிங்குக்குள் போனால் இரண்டு மூன்று நாளில் துருப் பிடித்து இறுகிவிடும். நாலு சில்லுச் சப்பாத்து ஒரு சோடிக்கு எட்டுச் சில்லு, சில்லுக்கு இரண்டாகப் பதினாறு பெயாரிங். பெரும்பாலும் 608 என்ற அளவு: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லிமீற்றர். சில பழைய சப்பாத்துகளின் அச்சு 7 மில்லிமீற்றர். கடையில் கேட்குமுன் அளந்து பாருங்கள்.

அச்சு நட்டைக் கழற்றிச் சில்லைப் பாதிவரை இழுத்து, அச்சின் முனையாலேயே நெம்பினால் பெயாரிங் வெளியே வரும். மூடியைக் குண்டூசியால் கிளப்பினால் உள்ளே ஏழு குண்டுகள் தெரியும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் குலுக்குங்கள். கலங்கல் போகும்வரை இரண்டு மூன்று தரம் மாற்றுங்கள். துணியில் போட்டு நன்றாகக் காயவிட்டு, தையல் மெசின் எண்ணெய் ஒரே ஒரு துளி. கூட விட்டால் அந்த எண்ணெயே தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசினாகிவிடும். டபிள்யூ டி 40 கழுவத்தான் உதவும், அதை மட்டும் விசிறிவிட்டு ஓடினால் கொஞ்ச நேரத்திலேயே வறண்டுவிடும். சுத்தம் செய்த பிறகும் விரலில் வைத்துச் சுற்றும்போது கரகரவென்றால் குண்டோடும் பாதையில் குழி விழுந்துவிட்டது. எறிந்துவிட்டுப் புதிது போடுவதுதான் வழி.

ஊர் மண்டபங்களில் பெரும்பாலும் ரைல்ஸ் பதித்திருப்பார்கள். பளபளப்பான ரைல்ஸில் கடினச் சில்லு வழுக்கும், 85 ஏ சுமாராகப் பிடிக்கும். தட்டிப் பார்த்துப் பொள்ளல் சத்தம் வரும் இடங்களைத் தவிர்க்காவிட்டால் ரைல்ஸ் வெடிக்கும், பிறகு அந்த மண்டப வாசலை மிதிக்கமுடியாது. சப்பாத்தின் முன்நுனியில் கறுப்பு நிறத்துத் தடுப்புக்கட்டையும் வேண்டாம். அது இழுக்கும் கோட்டைத் துடைப்பது லேசில்லை.

பழைய றிங்க் என்றதும் படங்களில் வருகிற மரத்தளம் நினைவுக்கு வரும். அது இரண்டாவது அலை. 1908 தொடக்கம் 1910 வரை அமெரிக்க முதலாளிகள் இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் றிங்க் திறந்தார்கள். இந்தத் தடவை தளம் மேப்பிள் மரம், சில்லுக்குள் குண்டு பெயாரிங். ஒடுங்கிய பலகைகளை ஒன்றின் நாக்கு மற்றதன் பள்ளத்தில் போகும்படி இறுக்கி, ஓட்டத்தின் திசையிலேயே பதிப்பார்கள். குறுக்கே போட்டால் ஒவ்வொரு மூட்டும் தட்டும். நல்ல றிங்க்குகளில் மூலைக்கு வந்ததும் பலகையும் வளைவோடு சேர்ந்து திரும்பும். சுவரோரம் விரல் அகல இடைவெளி விடவேண்டும். விடாத இடங்களில் ஈரக் காலத்தில் மரம் வீங்கி நடுவில் மேலெழும்பிவிடும்.

தளம் இவ்வளவு நன்றாக இருந்தும் 1912 அளவில் அந்த றிங்க்குகளில் பல மூடிவிட்டன. இங்கேதான் கணக்குக் கொப்பி வருகிறது. ஸ்கேற்றிங் ஓடுகிறவருக்கு இடம் நிறைய வேண்டும். அதே தரையில் கதிரை போட்டால் பல மடங்கு ஆட்களை இருத்தலாம். அந்த நேரம் பார்த்துச் சினிமாவும் வந்து சேர்ந்தது. தூண் குறைந்த, அகலக் கூரை போட்ட கட்டடம் தயாராக நிற்கிறது, திரையைக் கட்டிக் கதிரையை அடுக்கினால் வேலை முடிந்தது. சில கட்டடங்கள் நடன மண்டபமாகின, சில மோட்டார் கராஜ் ஆகின.

லண்டனில் சொந்தக்காரர் இருக்கிற திருகோணமலைக்காரர் நிறையப் பேர். அங்கே போனால் வூட் கிரீன் நிலையத்தில் டபிள்யூ 3 பஸ் ஏறி அலெக்சாண்ட்ரா மாளிகைக்குப் போங்கள். 1873இல் திறந்து பதினாறாம் நாளே எரிந்து, 1875இல் திரும்பக் கட்டிய கட்டடம் அது. அங்கேயும் றோலர் றிங்க் ஒன்று இருந்தது. 1980 யூலையில் பிடித்த தீயில் பெரிய மண்டபத்தோடு அந்தப் பழைய றிங்க் பகுதியும் போயிற்று. 1990இல் அங்கே ஐஸ் றிங்க் திறந்தார்கள். சில்லுக்காரருக்கு அது சமாதானம் ஆகாது, ஆனாலும் மலையிலிருந்து நகரத்தைப் பார்க்கும் காட்சிக்காகப் போகலாம்.

மேப்பிள் தளத்தைத் திருகோணமலையில் போட்டால் என்ன ஆகும் என்று ஆசைப்பட்டுக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மரம் வறண்டு மூட்டு விரியும், மாரியில் குடித்து வீங்கும், மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொள்ளும். இந்த ஊருக்குக் கொங்கிறீற்தான்.

நல்ல கொங்கிறீற் தளம் தேடுகிறவர்கள் தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் போகவேண்டும். கொழும்பிலிருந்து வரும் ரயில் கல்லோயாச் சந்தியில் பிரிந்து கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாகத்தான் திருகோணமலைக்கு வருகிறது. சுற்றிவர வயல், வயலை அண்டி அரிசி மில். அவித்த நெல்லைக் காயப்போடுவதற்கென்று மில்களில் சீமெந்து முற்றம் இருக்கும். பெரும்போக வெட்டு முடிகிற மாசி பங்குனியிலும், சிறுபோக வெட்டு வருகிற ஆவணி புரட்டாதியிலும் முற்றம் நிறைய நெல் கிடக்கும், அப்போது கேட்கவே கூடாது. மற்ற நாட்களில், "முதலாளி, நெல் காயப்போடாத நேரம் ஒரு மணித்தியாலம் முற்றத்தில ஓடலாமா? கூட்டித் தந்திட்டுப் போறம்" என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே விடுவார்கள். கூட்டுவது எப்படியும் உங்கள் நன்மைக்குத்தான். ஒரு நெல்மணி போதும், சில்லு அதில் ஏறி நிற்க.

ஏறுமுன் தளத்தைச் சோதியுங்கள். உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தால் வெள்ளைத் தூள் ஒட்டுகிறதா? ஆணியால் கீறினால் கோடு ஆழமாக விழுகிறதா? இரண்டும் ஆம் என்றால் மேற்பூச்சு பலவீனம். கொங்கிறீற் மேல் ஊறி நிற்கும் தண்ணீர் வற்றுமுன் அதன்மேல் வெறும் சீமெந்தைத் தூவிக் கரண்டியால் இழுத்து மினுக்குகிற பழக்கம் பல மேசன்மாரிடம் உண்டு. பார்க்க அழகு, ஆனால் அந்தத் தோல் அடியிலுள்ள கொங்கிறீற்றோடு சரியாகப் பிடிக்காமல் சில வருடத்தில் செதில் செதிலாகக் கிளம்பும். செதில் கிளம்பிய ஓரத்தில் சில்லு முட்டினால் ஆள் முகங்குப்புற விழுவார். மூன்று மீற்றர் அலுமினியச் சட்டத்தைப் படுக்கவைத்து, அடியில் மூன்று மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி தெரிகிறதா என்றும் பாருங்கள். மழைநீர் வடிய வேண்டுமென்று மில் முற்றத்துக்குச் சரிவு கொடுத்திருப்பார்கள். நூற்றுக்கு ஒன்று சரிவு என்றால் உணரமாட்டீர்கள், அதற்கு மேல் போனால் ஒரு பக்கம் இழுக்கும்.

மாரி காலத்தில் கூரையுள்ள தளமும் நம்பக்கூடியதல்ல. இரவில் குளிர்ந்த கொங்கிறீற்மேல் காலைக் கடற்காற்று பட்டதும் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியும். பழைய பத்திரிகைத் தாளை விரித்துக் காலால் அழுத்தி எடுங்கள். தாள் நமத்திருந்தால் பத்து மணிவரை பொறுக்க வேண்டும்.

சொந்தமாகத் தளம் போட நினைக்கும் விளையாட்டுக் கழகங்களுக்கும் இதே கணக்குத்தான். றோலர் ஹொக்கிக்குரிய அளவு 40க்கு 20 மீற்றர், மூலைகள் வளைவு. நாலு அங்குலத் தடிப்பில் 80 கன மீற்றர் கொங்கிறீற். சீமெந்து, மணல், சல்லி 1:1½:3 என்ற கலவையில் ஏறத்தாழ 640 மூடைச் சீமெந்து. இடம் அவ்வளவு இல்லாவிட்டால் 28க்கு 15 மீற்றர் கூடைப்பந்துத் தளம் பழகப் போதும். கடல் மணலைச் சேர்க்க விடாதீர்கள், அதன் உப்பு கம்பியைத் தின்றுவிடும். கலவையை இளக்க மேசன் ஊற்றும் கூடுதல் வாளித் தண்ணீர்தான் பிற்காலத்துத் தூளாக வரும். ஊற்றிய அன்றோ மறுநாளோ, எட்டுப் பத்து அடிக்கு ஒன்றாக, ஒரு அங்குல ஆழத்தில் மூட்டு வெட்டுங்கள். வெட்டாவிட்டால் தளம் தனக்குப் பிடித்த இடத்தில் தானே வெடிக்கும். ஏழு நாளாவது சாக்குப் போட்டு நனைத்து வைக்கவேண்டும், பதினாலு நாள் என்றால் இன்னும் நல்லது. பூச்சு எதுவும் 28 நாளுக்குப் பிறகே.

வெட்டிய மூட்டை உடனே அடைக்கப் பார்ப்பார்கள். கொங்கிறீற் பல மாதத்துக்குச் சுருங்கிக்கொண்டே இருக்கும், அவசரப்பட்டு அடைத்த எப்பொக்சிப் பசை ஒரு பக்கம் விட்டுக்கொண்டு வரும். வெட்டு வாயைக் கூட்டிச் சுத்தமாக வைத்துக்கொண்டு ஒரு கச்சான் காலம் முழுக்கக் காயவிட்டு, பிறகு அடையுங்கள்.