மீடியனில் இடித்த காரின் உதறலும் இரைச்சலும்

மீடியனிலோ நடைபாதைக் கல்லிலோ சக்கரம் இடித்த பிறகு வரும் உதறல் வேறு, இரைச்சல் வேறு. பல கடைகளில் இரண்டையும் சேர்த்துக் கட்டி, "அலைன்மென்ட், பேலன்ஸிங் பண்ணிடலாம்ங்க" என்று முடித்துவிடுகிறார்கள். (அலைன்மென்ட் என்றால் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது, பேலன்ஸிங் என்றால் சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது.) எங்கள் ஸ்விஃப்டில் இரண்டுக்கும் தனித்தனிக் காரணம் இருந்தது. அதைப் பிரித்துக் கண்டுபிடித்த விதத்தை எழுதிவைக்கிறேன். யாருக்காவது வீண்செலவு மிச்சமாகும்.

நான் பொள்ளாச்சியிலிருந்து கோவைக்குக் காரில் வேலைக்குப் போய்வருகிறவள். கிணத்துக்கடவு தாண்டி ஒரு லாரி சிக்னல் போடாமல் வலதுபக்கம் ஒதுங்கியதில், என் வண்டியின் முன் வலது சக்கரம் மீடியன் கல்லில் ஏறி இறங்கியது. காற்று இறங்கவில்லை. வீல் கப் ஓரத்தில் கொஞ்சம் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அதற்கப்புறம் 80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கியது. கூடவே 50, 60-க்கு மேல் அடியிலிருந்து 'ஊம்ம்' என்று ஓர் இரைச்சல்.

முதலில் போன கடையில் பேலன்ஸிங் செய்தார்கள், முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றினார்கள், அலைன்மென்ட் பேப்பரைக் கையில் கொடுத்தார்கள். ஸ்டியரிங் நடுக்கம் நின்றுவிட்டது. சரியாகிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அதே 80-ல் இப்போது சீட் அதிர்ந்தது! முன் சக்கரக் கோளாறு பெரும்பாலும் ஸ்டியரிங்கில் தெரியும். பின் சக்கரக் கோளாறு சீட்டிலும் கால்மிதியிலும் தெரியும். அதிர்வு கையை விட்டு இடுப்புக்கு வந்திருக்கிறது என்றால், கோளாறு சக்கரத்தோடு சேர்ந்து பின்னால் போயிருக்கிறது. ஹப்போ (சக்கரத்தை மாட்டும் நடுப்பாகம்) ஆக்சிலோ இடம் மாறவில்லையே. ஆக, உதறலுக்குக் காரணம் ரிம் அல்லது டயர்.

இதை உறுதிசெய்யக் காசே வேண்டாம். எங்கள் வண்டியில் ஸ்டெப்னியும் அதே 165/80 ஆர்14 அளவுதான். சந்தேகப்பட்ட சக்கரத்தைக் கழற்றி அந்த இடத்தில் ஸ்டெப்னியை மாட்டி ஓட்டினேன். உதறல் போய்விட்டது. இரைச்சல் மட்டும் அப்படியே இருந்தது.

கழற்றிய சக்கரத்தை எங்கள் வழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். வண்டிக்கு ஜாக்கி போட்டு, அதைத் திரும்ப மாட்டி, கையால் மெதுவாகச் சுற்றிவிட்டார். ஸ்க்ரூடிரைவர் நுனியை ரிம்மின் உள் விளிம்புக்கு ஒட்டினாற்போல அசையாமல் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் வந்து நுனியில் 'டிக்' என்று இடித்தது. மற்ற இடமெல்லாம் இடைவெளி. "பாருங்க டீச்சர், உள்பக்கம் வளைஞ்சிருக்குது. வெளியில நின்னு பார்த்தா தெரியவே தெரியாதுங்க." பேலன்ஸிங் மெஷின் எடையைத்தான் சமன் செய்யும். ஈயக்கட்டி ஒட்டி மெஷினில் சைபர் காட்டவைக்கலாம், அதனால் கோணின ரிம் வட்டமாகிவிடாது. இரும்பு ரிம் என்பதால் தட்டி எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். நான் புது ரிம்மே வாங்கினேன். நெடுஞ்சாலையில் ஓடுகிற வண்டிக்கு அதுதான் சரி.

அப்புறம் இரைச்சல். இதற்குக் காதுதான் கருவி. காலியான நேர்ச்சாலையில் 60-ல் போகும்போது நியூட்ரலுக்கு மாற்றினேன். எஞ்சின் சத்தம் அடங்கியது, இரைச்சல் அடங்கவில்லை. ஆக எஞ்சின் இல்லை. டயர் சத்தமாக இருந்தால் தார்ச்சாலைக்கும் கான்கிரீட் சாலைக்கும் ஏற்ப மாறும். இது மாறவில்லை. இடதுபக்கம் வளையும்போது கூடியது, வலதுபக்கம் வளையும்போது குறைந்தது. இடது வளைவில் வண்டியின் பாரம் வலது சக்கரங்களில் விழும். அப்போது கூடினால் வலதுபக்கப் பேரிங் (சக்கரம் தங்குதடையின்றிச் சுழல உதவும் குண்டு வளையம்) மேல்தான் சந்தேகம்.

முன்னதா பின்னதா என்பதை அண்ணன் கையாலேயே சொன்னார். முன் வலது சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஷாக் அப்சார்பர் மேலிருக்கும் ஸ்பிரிங்கைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். உள்ளங்கையில் மணல் உரசுவது போல ஒரு நறநறப்பு. இடது பக்கத்து ஸ்பிரிங்கில் ஒன்றுமே இல்லை. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் சக்கரம் ஆடவில்லை. ஆட்டம் இல்லாததால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. ஆட்டம் கடைசியில்தான் வரும். இடித்த வேகத்தில் குண்டுகள் தம் பாதையில் நுண்ணிய பள்ளங்களைப் பதித்துவிடும். அதில் உருண்டு உருண்டு இரைச்சல் நாளாக ஆகக் கூடும். சிலருக்கு இடித்து வாரக்கணக்கான பிறகுதான் சத்தமே தொடங்கும்.

பேரிங்கைப் பிரஸ்ஸில் வைத்து ஏற்ற வேண்டும். நக்கிளுக்குள் (பேரிங்கையும் சக்கரத்தையும் தாங்கும் உலோகப் பாகம்) ஏற்றும்போது அழுத்தம் வெளிவளையத்தில் விழ வேண்டும். உள்வளையத்தை அழுத்தினாலோ சுத்தியலால் அடித்தாலோ புதுப் பேரிங்கிலும் அதே பள்ளங்கள் விழும். மாற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், நான் பார்த்தேன்.

அலைன்மென்ட்டை எல்லாவற்றுக்கும் பிறகு செய்தோம். நக்கிளைக் கழற்றிப் பூட்டியதால் எப்படியும் செய்தாக வேண்டும். பேப்பரில் நான் முதலில் பார்த்தது கேம்பர், அதாவது முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு. எங்கள் வண்டி முன்பக்கத்தில் சாதாரணமாகத் திருகி வைக்க முடிவது டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான். டோவைச் சரிசெய்தாலே ஸ்டியரிங் நேராகிவிடும். அதனால் லோயர் ஆர்ம் (நக்கிளைக் கீழே வண்டியோடு இணைக்கும் கை) வளைந்திருந்தாலும் வெளியே தெரியாது. இடித்த பக்கத்துக் கேம்பர் மறுபக்கத்தைவிட நன்றாகவே விலகியிருந்தால் லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த பாகம்), நக்கிள் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

இடித்த டயரை ஸ்டெப்னியாகத்தான் வைத்திருக்கிறேன். சைட்வாலில் (டயரின் பக்கச்சுவர்), முக்கியமாக உள்பக்கத்தில், புடைப்பு எழும்புகிறதா என்று அவ்வப்போது தடவிப் பார்க்கிறேன். புடைப்பு வந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பஞ்சர் கடையில் வைத்தியம் கிடையாது, டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.