மூட் கோர்ட்டில் பேசாத மூன்றாவது ஆள்

போன மாதம் எங்கள் சட்டக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். தேசிய அளவிலான மூட் கோர்ட் போட்டியில் எங்கள் அணி அரையிறுதி வரை போனது, ரிசர்ச்சர்களுக்கான எழுத்துத் தேர்வில் முதல் பரிசு வாங்கியது என்று இரண்டே வரி, கீழே மூன்று பெயர். மூன்றாவது என்னுடையது. படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பியதும் அம்மா கூப்பிட்டாள். "மத்த ரெண்டு பேருக்கும் பேச்சாளர்னு போட்டிருக்கே, நீ பேசலையா?" என்று கேட்டாள். ஃபோனில் அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல எனக்கு வரவில்லை. அடுத்த வருடம் அணியில் சேர நினைக்கிற ஜூனியர்களும் இதையேதான் கேட்கிறார்கள், அதனால் அந்த மூன்று மாதம் என்ன செய்தேன் என்பதை எழுதிவிடுகிறேன்.

மூட் என்றால் கற்பனை வழக்கு. போட்டி நடத்துகிறவர்கள் ஒரு கதையைக் கொடுப்பார்கள், அதை வைத்து இரண்டு தரப்புக்கும் தனித்தனியாக மெமோரியல், அதாவது எழுத்து வாதம், எழுத வேண்டும், அப்புறம் நீதிபதிகள் முன்னால் எந்தத் தரப்பு விழுகிறதோ அந்தத் தரப்புக்கு வாதாட வேண்டும். இரண்டு பேர் பேசுவார்கள், ஒருவர் ரிசர்ச்சர், அதாவது தீர்ப்புகளைத் தேடிப் படித்துக் கொடுப்பவர். நான் தமிழ் வழியில் படித்து வந்தவள். கல்லூரிக்குள் நடந்த தேர்வில் பேச்சாளராகத்தான் முயன்றேன், வரவில்லை. ஆனால் வழக்குக் கதையை வரி வரியாகப் படித்திருந்ததைப் பார்த்துவிட்டு சீனியர் அக்கா ஒருவர்தான் என்னை ரிசர்ச்சராகப் போடச் சொன்னார். அவருக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

எங்களுக்கு வந்த கதை ஒரு கொலை வழக்கு. எதிர்க்கடை சிசிடிவியில் பதிவான காட்சியை விசாரணை அதிகாரி பென் டிரைவில் எடுத்து வருகிறார், ஆனால் அது எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்லும் சான்றிதழ் வாங்கவில்லை. கேமராக் காட்சியைச் சேமிக்கும் டிவிஆரில் பழைய பதிவு மேலேயே புதிய பதிவு ஏறி அசல் அழிந்துவிடுகிறது. கீழ் நீதிமன்றம் தண்டனை கொடுத்துவிட்டது, இப்போது மேல்முறையீடு. அந்தப் பென் டிரைவைச் சாட்சியமாக ஏற்கலாமா என்பதுதான் முதல் கேள்வி.

இந்த ஒரு கேள்விக்கு உச்ச நீதிமன்றம் எத்தனை முறை பதில் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். 2005இல் நவ்ஜோத் சந்து வழக்கில், சான்றிதழ் இல்லாவிட்டாலும் வேறு வழியில் நிரூபிக்கலாம் என்றது. 2014இல் அன்வர் வழக்கில் மூன்று நீதிபதிகள் அது தவறு, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும் என்றார்கள். 2018இல் ஷாஃபி முகமது வழக்கில் இரண்டு நீதிபதிகள், கருவி யார் கையில் இல்லையோ அவரிடம் சான்றிதழ் கேட்க வேண்டியதில்லை என்று தளர்த்தினார்கள். பென் டிரைவை எடுத்து வந்தது போலீஸ், கருவி இருந்ததோ கடைக்காரரிடம். அரசுத் தரப்புக்கு இதைவிட வசதியான தீர்ப்பு கிடையாது. எங்கள் அரசுத் தரப்பு மெமோரியலில் முதல் ஆறு பக்கமும் ஷாஃபி முகமது மேல்தான் நின்றது.

சமர்ப்பிக்க இரண்டு நாள் இருக்கும்போது, இரவு பதினொரு மணி வாக்கில், அடிக்குறிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். புளூபுக் என்ற மேற்கோள் முறையில் ஒரு காற்புள்ளி தவறினாலும் மதிப்பெண் போகும் என்பதால் ஒவ்வொரு தீர்ப்பையும் இந்தியன் கானூன் என்ற தீர்ப்புத் தேடல் தளத்தில் திறந்து பெயரை ஒப்பிட்டுக்கொண்டே வந்தேன். ஷாஃபி முகமது பக்கத்தில், அதை மேற்கோள் காட்டிய பிற்காலத் தீர்ப்புகளின் பட்டியலையும் சும்மா திறந்தேன். அதில் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் எதிர் கைலாஷ் கோரண்ட்யால், 2020 ஜூலை 14, மூன்று நீதிபதிகள். அன்வர் சொன்னதே சரி, ஷாஃபி முகமது ஓவர்ரூல் ஆகிறது, அதாவது இனி செல்லாது என்று தெளிவாக இருக்கிறது. ஆறு பக்கமும் போச்சு. தோழிகள் இருவரையும் எழுப்பிச் சொன்னேன். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை, அதை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் எங்களைக் கவிழ்த்த அதே தீர்ப்புக்குள்தான் எங்களுக்கான வாதமும் இருந்தது. அது 2014 மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தல் பற்றியது. ஜால்னா தொகுதியில் கோட்கர் 296 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அவர் வேட்புமனுவை நேரம் கடந்து கொடுத்தார் என்று நிரூபிக்க, எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் தேர்தல் அதிகாரி அலுவலக வீடியோவைக் கொண்டுவந்தார்கள். அதற்குச் சான்றிதழ் கேட்டுத் திரும்பத் திரும்ப எழுதியும் அதிகாரிகள் தரவில்லை. செய்ய முடியாததைச் செய் என்று சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தாது என்ற பழைய கொள்கையைச் சொல்லி, தங்களால் ஆனதையெல்லாம் செய்தவர்களுக்கு உச்ச நீதிமன்றம் அங்கே விலக்கு கொடுத்தது. எங்கள் கதையின் 14ஆம் பத்தியில் விசாரணை அதிகாரி கடைக்காரருக்கு இரண்டு முறை கடிதம் எழுதினார் என்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை மூன்று பேரும் திருப்பி எழுதினோம்.

2024 ஜூலை 1 முதல் 65பி இருந்த இடத்துக்கு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு வந்துவிட்டது. சான்றிதழ் இப்போது இரண்டு பாகம், ஒன்று தாக்கல் செய்கிறவர் கொடுப்பது, இன்னொன்று நிபுணர் கொடுப்பது, இரண்டிலும் ஹாஷ் மதிப்பு எழுத வேண்டும். ஹாஷ் என்றால் என்ன என்று எனக்குப் படித்துப் புரியவில்லை. லேப்டாப்பில் ஒரு கோப்பைத் திறந்து செய்து பார்த்தேன். அதில் "அவன் வந்தான்" என்று மட்டும் எழுதி, ஹாஷ் கணக்கிடும் முறைகளில் ஒன்றான எஸ்எச்ஏ 256 போட்டால் எழுத்தும் எண்ணுமாக 64 குறிகள் வந்தன. கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி சேர்த்துத் திரும்பப் போட்டேன். 64 குறிகளும் வேறு ஒரு வரிசையாகிவிட்டன. ஒரு புள்ளி மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. ரிசர்ச்சர் தேர்வில் ஹாஷ் பற்றிக் கேள்வி வந்தது, யோசிக்காமல் எழுதினேன்.

முதல் சுற்றுகள் நன்றாகவே போயின, அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அரையிறுதியில் எங்களுக்கு அரசுத் தரப்பு விழுந்தது. ரிசர்ச்சர் வாயைத் திறக்கக் கூடாது, மேஜையில் உட்கார்ந்து சீட்டு எழுதிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். நடுவில் இருந்த நீதிபதி முதலில் ஷாஃபி முகமதுவைத்தான் கேட்டார், நாங்கள் அதில் மாட்டிக்கொள்கிறோமா என்று பார்க்க. என் தோழி அசராமல் அது ஓவர்ரூல் ஆகிவிட்டது என்றாள். அடுத்து, "அசலையே கொண்டுவந்தால் சான்றிதழ் வேண்டுமா?" என்றார். நான் "அர்ஜுன், பத்தி 73.2, வேண்டாம்" என்று எழுதி நகர்த்தினேன். அவள் பார்த்த மாதிரியே தெரியவில்லை, ஆனால் பத்தி எண்ணோடு பதில் வந்தது. அந்த நிமிடம் எனக்கு நானே பேசியது போல இருந்தது.

அப்புறம் அந்தக் கேள்வி. "கடிதம் எழுதினார்கள், சரி. தராதபோது நீதிமன்றத்தில் மனுப் போட்டார்களா?" அர்ஜுன் தீர்ப்பிலேயே அது இருக்கிறது: சான்றிதழ் தர மறுத்தால் நீதிமன்றத்தை அணுகி உத்தரவு வாங்கலாம். அந்த இடத்தை நான் படித்திருந்தேன், மஞ்சள் மையால் கோடும் போட்டிருந்தேன். ஆனால் எங்கள் கதையில் அப்படி ஒரு மனு இல்லை என்பதோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை. விசாரணை முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் சான்றிதழைத் தாக்கல் செய்ய விடலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது, எங்களுடையதோ விசாரணை முடிந்து மேல்முறையீட்டுக்கு வந்த வழக்கு. என் கையில் வெற்றுச் சீட்டுதான் இருந்தது. தோழி தன்னால் முடிந்ததைச் சொன்னாள். ரயிலில் வரும்போது அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், "மூணு பேரும்தானே படிச்சோம்" என்றாள்.

இப்போது அந்த மஞ்சள் கோடு போட்ட பிரதியையும் மற்ற எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி நூலகத்தில் வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் ஒரு அட்டவணை: தீர்ப்பின் பெயர், எத்தனை நீதிபதிகள், இன்றைய தேதியில் செல்லுமா, நம் கதையில் எந்தப் பத்தியோடு பொருந்துகிறது, எந்தப் பத்தியில் இடிக்கிறது. "இடிக்கிறது" என்ற கடைசிக் கட்டத்தை அரையிறுதிக்குப் பிறகுதான் சேர்த்தேன். உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளத்தில் அதிகாரபூர்வத் தீர்ப்புகள் இலவசம், பணம் கட்டும் தளம் இல்லையே என்று யாரும் பின்வாங்க வேண்டாம். ரிசர்ச்சராக வர விருப்பமுள்ளவர்கள் சனிக்கிழமை மதியம் நூலகத்துக்கு வாருங்கள், புதிய சாட்சியச் சட்டத்தின் பேர் ஆக்ட், அதாவது விளக்கவுரை இல்லாத மூலச் சட்டப் புத்தகம் ஒன்று கையில் இருக்கட்டும், 63ஆம் பிரிவிலிருந்து ஆரம்பிக்கலாம். அம்மாவுக்கும் இதை அனுப்பப் போகிறேன்.