நீலப் பம்ப்பும் வெள்ளை டப்பாவும்

14 செப்டம்பர் 2019, சனி

தீபாவளிக்கு இன்னும் 43 நாள். சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் 38 ரவிக்கை, 6 பஞ்சாபி சூட். கோலாலம்பூர் செந்தூல் ஃபிளாட்டின் முன்கூடம்தான் என் கடை. வெட்டுவதும் தைப்பதும் இங்கேதான். ஓவர்லாக் மெஷின் துப்பும் பஞ்சுத் தூசியும் இங்கேதான்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக: எனக்கு வயது 48. ஏழு வயதிலிருந்து இழுப்பு. சின்னவன் பிறந்த பிறகு, 31 வயதில், சொரியாசிஸ்.

இந்த வாரம் வலது கட்டை விரலில் புதிதாக ஒரு படை. இருபது காசு அளவு. கத்தரிக்கோல் வளையம் உரசும் அதே இடம். உரசிய இடத்திலும் கீறல் பட்ட இடத்திலும் சொரியாசிஸ் புதிதாக முளைக்கும். கேப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டு எழுதியிருக்கிறார் என்று தோல் டாக்டர் ஒருமுறை சொன்னார். மற்றவர்களுக்குத் தோல் வளர்ந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எங்களுக்கு நாலைந்து நாளில் ஆகிவிடுகிறது. முற்றாத தோல் அடுக்கடுக்காகச் சேர்ந்து வெள்ளைச் செதிலாகக் கொட்டுகிறது. கத்தரிக்கோல் வளையத்தில் பழைய பருத்தித் துணியைச் சுற்றித் தைத்துவிட்டேன். நேற்றிலிருந்து விரல் எரியவில்லை.

இன்று மத்தியானம் ஓர் அம்மா மகளை அழைத்துவந்தார். நான் டேப்பை எடுத்ததும் என் முழங்கையைப் பார்த்துவிட்டார்.

"இது ஒட்டுமா?"

"ஒட்டாதுங்க. உடம்புக்குள்ள இருக்கிற கோளாறு இது. தொட்டா வராது."

"அதுக்கில்ல... பழைய ரவிக்கை ஒண்ணு கொண்டாந்திருக்கேன், அதையே அளவு பாத்துக்குங்களேன்."

வாங்கிக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கி இருக்கிறது. பழைய ரவிக்கையை மேசையில் விரித்தால் அது தெரியாது. தொட்டு அளந்திருந்தால் வெட்டும்போதே சரி பண்ணியிருப்பேன். மனசு அதிலேயே நிற்கிறது.

19 செப்டம்பர், வியாழன்

புகைமூட்டம். பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் எரிந்த கட்டை வாடை. இந்தோனேசியாவில், சுமத்ராவிலும் களிமந்தானிலும் சதுப்புக் காடு எரிகிறது, தென்மேற்குக் காற்று அதை இங்கே கொண்டுவந்து கொட்டுகிறது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினாலே உடம்புக்குக் கேடு. இரண்டு நாளாக அதற்கு மேலேயே நிற்கிறது.

காலையில் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதினேன், மூச்சு எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று காட்டும் கருவி அது. நன்றாக இருக்கும் நாளில் எனக்கு 380 வரும். இன்று 240. 304க்குக் கீழே போனால் கவனம், 190க்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரி என்று மிஸ்ஸி (நர்ஸ்) மீட்டரின் மேலேயே மார்க்கரில் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்.

வெயிலும் இல்லை. காலையில் பத்து நிமிடம் பால்கனியில் கையையும் காலையும் வெயிலில் காட்டுவேன், படைக்கு அது இதம். இப்போது சூரியன் செம்புக் காசு மாதிரி தொங்குகிறது, சூடே இல்லை.

20 செப்டம்பர், வெள்ளி

நேற்று இரவு பத்தரைக்கு ஓவர்லாக் போட்டுக்கொண்டிருந்தபோது பிடித்துக்கொண்டது. மெஷின் மேசையில் இரு கைகளையும் ஊன்றிக் குனிந்து நின்றேன். வீட்டுக்காரர் "என்ன பண்ணுது?" என்று கேட்கிறார். "மூச்" என்றதோடு நின்றுவிட்டது, மிச்ச வார்த்தைக்குக் காற்று இல்லை. கழுத்துக்குழி உள்ளே போய் உள்ளே போய் வந்ததாம், அவர் சொன்னார். நீலப் பம்ப் (இன்ஹேலர்) நாலு தடவை, இருபது நிமிடம் கழித்து இன்னொரு நாலு. கேட்கவில்லை.

அவசரப் பிரிவில் இரண்டு முறை கேஸ் (நெபுலைசர் மருந்து ஆவி) பிடித்தார்கள். விடியற்காலை மூன்றரைக்கு வீடு. பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 5 நாளைக்கு.

இதைச் சொல்லத்தான் வேண்டும்: எனக்குப் பழுப்புப் பம்ப்பும் கொடுத்திருக்கிறார்கள், தினமும் காலை மாலை எடுக்கச் சொல்லி. மூச்சு நன்றாக இருந்த ஜூலையிலும் ஆகஸ்டிலும் நான் அதைத் தொடவே இல்லை. நீலம் சுருங்கிய குழாயை விரிக்கும், அவ்வளவுதான். குழாய்க்குள் இருக்கும் வீக்கத்தைத் தணிப்பது பழுப்புதான், அதுவும் தினம் தினம் எடுத்தால்தான். தெரிந்தும் விட்டேன்.

24 செப்டம்பர், செவ்வாய்

மழை வந்துவிட்டது! மீட்டரில் 330.

இன்று கடைசி மாத்திரை. தோல் வழுவழுவென்று இருக்கிறது. முழங்கைப் படை வெளுத்துவிட்டது, செதில் இல்லை. இந்தச் சுகத்தைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. 2016இல் ஒரு கிளினிக்கில் தோலுக்கென்று ஊசி போட்டுக்கொண்டேன். இரண்டு வாரம் குழந்தைத் தோல். அதன் பிறகு தலையிலிருந்து கணுக்கால் வரை பொங்கிவிட்டது. ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ நின்றதும் சிலருக்குச் சொரியாசிஸ் முன்னைவிட மோசமாகத் திரும்பும் என்று அப்போதுதான் கேள்விப்பட்டேன். எல்லாருக்கும் அப்படி இல்லை. எனக்கு அப்படி.

அதற்காக மூச்சு முட்டும்போது மாத்திரை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? முடியாது. வாங்கித்தான் ஆகவேண்டும்.

2 அக்டோபர், புதன்

வந்துவிட்டது. மாத்திரை நின்று எட்டாம் நாள். முழங்கை இரண்டும் சிவந்து சூடாக இருக்கின்றன, தலையில் பொருக்கு. கருநீலப் பட்டு ஒன்றை மடியில் வைத்துக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பட்டு முழுக்க வெள்ளைப் பொடி. பசை டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தேன். பூசிய களிம்பு வேறு பட்டில் பட்டால் கறை போகாது. இரண்டு வருடம் முன்பு அத்தை வெட்பாலைத் தைலம் செய்து கொடுத்தார். இலையைத் தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டு வெயிலில் வைத்தால் ஊதா நிறத்துக்கு மாறுமே, அதுதான். செதிலை நன்றாக இளக்கியது, படை போகவில்லை. ஒரு வாடிக்கையாளரின் சந்தன நிறப் பட்டில் அந்த ஊதா கறையாக ஏறி, புதுத் துணி வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அதனால் இன்று வீட்டுக்காரருடைய பழைய வேட்டியைக் கிழித்து மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல் வரை கை உறை நாலு ஜோடி தைத்தேன். தையல் மடிப்பு வெளிப்பக்கம் இருக்கும்படி, உள்ளே உரசாமல். குளித்து ஈரம் காய்வதற்குள் மருந்து கலக்காத வெள்ளை டப்பாக் களிம்பை வழிய வழியப் பூசி, மேலே உறை. சாயங்காலம் கழற்றிப் பார்த்தால் தோல் வெடிக்கவில்லை, பட்டும் சுத்தம். மருந்துக் களிம்பு இரவில் மட்டும், படையின் மேல் மட்டும்.

இனி முக்கியமான விஷயம். ஒரு வாரமாக நெஞ்சு படபடப்பு. கையும் நடுங்குகிறது. ஊசிக் காதில் நூல் போகவில்லை, ஒரு நூலை ஏழெட்டுத் தடவை எச்சில் தொட்டு முறுக்கினேன், பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கோக்கச் சொன்னேன். நேற்று ஃபிளாட் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். படபடப்பு என்றேன். மாத்திரை கொடுத்தார்கள். இழுப்பு உண்டா என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்று காலை நீலப் பம்ப் வாங்க பார்மசிக்குப் போனபோது, இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று உறையைக் காட்டிக் கேட்டேன். மருந்தாளர் சீனப் பெண், சின்ன வயது. உறையைப் பார்த்தார், நான் வாங்க வந்த பம்ப்பைப் பார்த்தார்.

"அக்கா, யாருக்கு பம்ப்?" மலாயில் கேட்டார்.

"எனக்குத்தான்."

"இந்த மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டீர்களா?"

"இன்னும் இல்லை."

"சாப்பிடாதீர்கள்."

புரோப்ரனோலோல். பீட்டா பிளாக்கர் வகை. நீலப் பம்ப் எந்த வழியாக மூச்சுக்குழாயைத் திறக்கிறதோ அதே வழியை இந்த மாத்திரை அடைத்துவிடுமாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து. கை உறையைப் பார்த்து அது என்ன என்று கேட்டார், சொன்னேன். இந்த வகை மாத்திரை சொரியாசிஸையும் கிளப்பிவிடலாம் என்றார். என் இரண்டு நோயையும் ஒரே மூச்சில் ஒருவர் பேசிக் கேட்டது இதுதான் முதல் தடவை. அவரே கிளினிக்குக்குப் போன் பண்ணிப் பேசினார்.

பிறகு, ஒரு நாளைக்கு நீலம் எத்தனை தடவை என்று கேட்டார். எட்டு, பத்து இருக்கும் என்றேன். படபடப்பும் நடுக்கமும் அதனால்தான் இருக்கும், இவ்வளவு தேவைப்படுவதே மூச்சு கட்டுக்குள் இல்லை என்பதற்கு அடையாளம், அப்பாயின்மெண்ட் வரை காத்திருக்காமல் நெஞ்சு டாக்டரைப் பாருங்கள் என்றார். உலக அளவில் ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டும் ஜினா அமைப்பே இந்த வருடம் பெரியவர்கள் நீலத்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதாம். பழுப்புப் பம்ப்பை அடித்துக் காட்டச் சொன்னார். நாற்பது வருடப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டு அடித்தேன். பாதி மருந்து நாக்கிலேயே தங்குகிறது என்றார். ஸ்பேசர் என்ற குழாயைப் பம்ப்பில் மாட்டி, மூச்சை முழுக்க விட்டு, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும் வரை நிறுத்தச் சொல்லிக் கொடுத்தார். முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் பூஞ்சை பிடிக்கும்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். நெஞ்சு கிளினிக் புத்தகம் ஒரு பிளாஸ்டிக் பையில், தோல் கிளினிக் அட்டை இன்னொரு பையில். பதினேழு வருடமாக இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. பேட்டர்ன் வெட்டும் பழுப்புத் தாளை ஒரு கை அகலம் கிழித்தேன். இடது பக்கம் மூச்சு, வலது பக்கம் தோல், எல்லா மருந்தும் ஒரே தாளில். எது எதைக் கெடுக்கும் என்பது நடுவில், சிவப்பு மையில்.

7 அக்டோபர், திங்கள்

சரஸ்வதி பூஜை. மெஷினைக் கழற்றிப் பல்சக்கரத்துக்கு அடியில் இருந்த பஞ்சையெல்லாம் ஈரத்துணியால் எடுத்தேன், முகமூடி போட்டுக்கொண்டு. இனி விளக்குமாறு கிடையாது, ஈரத்துணிதான். சந்தனம், குங்குமம், ஒரு சரம் மல்லிகை. கத்தரிக்கோலுக்கும் டேப்புக்கும் பொட்டு.

சாம்பிராணி பற்றி அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். "அத்தை, புகை மட்டும் வேணாமே" என்றேன். முகம் சுருங்கியது. ஒன்றும் பேசாமல் தூபக்காலை எடுத்துக்கொண்டு போய் வராந்தாவில், படிக்கட்டுப் பக்கம் வைத்துக் காட்டிவிட்டு வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பது வருடப் பழக்கத்தை எனக்காக வாசலுக்கு வெளியே வைத்திருக்கிறார்.

16 அக்டோபர், புதன்

மீட்டரில் 360. போன வாரம் நெஞ்சு டாக்டர் பழுப்பின் அளவைக் கூட்டினார். ஐந்து நாளில் நீலம் ஒரே தடவை. கை நடுங்கவில்லை. 19 ரவிக்கை முடிந்தது.

26 அக்டோபர், சனி

கடைசி ரவிக்கை மாலை ஆறு மணிக்குப் போனது.

பழைய ரவிக்கையில் அளவு கொடுத்த பெண் மூன்று நாள் முன்பு தனியாக வந்தாள். இடது தோள் நழுவுகிறதாம். "அக்கா, நீங்களே அளந்துருங்க" என்று கையை விரித்து நின்றாள். அரை அங்குலம். அன்று இரவே பிரித்துத் தைத்து வைத்தேன். இன்று போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனாள், உட்கார்ந்துவிட்டது.

நாளைக்கு விளக்கேற்றும்போதும் மத்தாப்பு கொளுத்தும்போதும் கை உறையைக் கழற்றிவிட வேண்டும். வெள்ளைக் களிம்பு ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். களிம்பு பூசுகிற எல்லாரும் இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். பட்டாசுப் புகைக்கு ஜன்னலை மூடி, இடுக்கில் ஈரத் துண்டு.

29 அக்டோபர், செவ்வாய்

இன்று உலக சொரியாசிஸ் தினம். என் தோல் கிளினிக் அப்பாயின்மெண்டும் இன்றைக்கே அமைந்தது. 5 வெள்ளி (ரிங்கிட்) கட்டி, நம்பர் எடுத்து, இரண்டு மணி நேரம்.

பழுப்புத் தாளை டாக்டர் மேசையில் விரித்தேன். நடுவில் இருந்த சிவப்பு எழுத்தை எதுவும் பேசாமல் படித்தார், பிறகு பேனாவை எடுத்துத் தன் கையாலேயே கீழே எழுதினார்: பீட்டா பிளாக்கர் கொடுக்கக் கூடாது, பிரட்னிசோலோன் கொடுத்தால் தோல் பிரிவுக்குத் தெரிவிக்கவும். கையெழுத்தும் போட்டார். ஒளிச் சிகிச்சைக்கு நவம்பரில் பெயர் கொடுத்திருக்கிறார், வாரம் மூன்று நாள். தீபாவளி முடிந்துவிட்டதால் என்னால் போக முடியும்.

காத்திருந்தபோது பக்கத்தில் ஓர் அக்கா, கெப்போங்கிலிருந்து வந்தவர். அவருக்குத் தோல், மகளுக்கு இழுப்பு. என் கழுத்தில் தொங்கிய சின்னப் பையைக் கேட்டார். மிச்சத் துணியில் தைத்தது, பம்ப் ஓர் அறையில், மடித்த தாள் இன்னோர் அறையில். "எம் மகளுக்கும் ஒண்ணு தச்சுத் தர்றியாம்மா? பள்ளிக்கூடத்துல பம்ப்பை எங்க வச்சோம்னு தேடிக்கிட்டே இருக்கா."

பெண்ணுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டேன். மஞ்சளாம். சுருக்குக் கயிறு வேண்டாம், கழுத்தில் உரசும், பட்டையான நாடா வைக்கிறேன் என்றேன். பம்ப்பை வெளியே எடுத்து, கைப்பையில் இருந்த டேப்பால் அங்கேயே அளந்து குறித்துக்கொண்டேன்.