ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்த்து வாங்கிய ஜிப்ஸி

கொல்லிமலையில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மிளகுத் தோட்டம். 70 கொண்டை ஊசி வளைவுகளை எந்த வண்டியிலும் ஏறிவிடலாம், தார் ரோடுதான். அதைத் தாண்டி வரும் இரண்டு கிலோமீட்டர் செம்மண் பாதையில்தான் வம்பு. ஐப்பசி மழையில் என் ஆல்ட்டோ அங்கே இரண்டு முறை வயிறு தட்டி நின்றது. இரண்டாவது முறை டிராக்டர் கட்டி இழுத்துவிட்டவர் காசு வாங்கவில்லை. "இத வித்துப் போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

2023 ஜூனில் மாருதியின் ஐந்து கதவு ஜிம்னி வந்தது, நாலு சக்கரமும் இழுக்கும் (ஃபோர் வீல்) வண்டி. அப்போது ஷோரூம் விலையே 12.74 லட்சத்தில் ஆரம்பம். மிளகு விற்று அந்தக் கடனை அடைக்க முடியாது. அதனால் அதற்கு மூத்ததான மாருதி ஜிப்ஸியைத் தேடினேன். சுஸுகி ஜிம்னியின் நீளமான வடிவம் இது. இங்கே 1985 கடைசியில் வந்து 2019 வரை ஓடியது. ஏசி இல்லை, சொகுசு இல்லை, ஆனால் எடை ஒரு டன்னுக்குள். சேற்றில் அதுதான் காரியம்.

மலிவாகக் கண்ணில் பட்டதெல்லாம் டெல்லி பதிவு. அப்போது அங்கே 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டி ஓடக் கூடாது என்றிருந்ததால் தள்ளிவிட்டார்கள். அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), இங்கே வரி, மறுபதிவு என்று கணக்குப் போட்டதும் அந்த மலிவு காணாமல் போனது. ராணுவ ஏலத்தில் எடுத்தது என்று சேலத்தில் ஒருவர் காட்டிய வண்டியில் டீசல் இன்ஜின் உறுமியது. மாருதி டீசலில் ஜிப்ஸி விற்றதே இல்லை, ஆர்.சி.யிலும் பெட்ரோல்தான். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்றார். யாருக்கு ஆகாது என்று கேட்காமல் கிளம்பிவிட்டேன்.

மூன்றாவதாகக் குன்னூரில் ஒரு பெரியவரின் வண்டி. 2008 மாடல், கார்புரேட்டர் இல்லாத 1.3 லிட்டர் எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின், நீலகிரியின் டிஎன் 43 பதிவு. 4.60 லட்சம் கேட்டார். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்த அண்ணன் ஒருவரைக் கூட்டிப் போயிருந்தேன். பச்சைப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. நான் பானட்டைத் திறக்கப் போனேன். "இன்ஜின் கெடக்கு தம்பி, அதுக்கு சாமான் கெடைக்கும். தகரத்தப் பாருங்க" என்று அண்ணன் ரப்பர் மேட்டைச் சுருட்டினார்.

டிரைவர் கால் வைக்கும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். அப்பளம் போல உடைந்து கீழே புல் தெரிந்தது. பெரியவர் முகம் வாடிவிட்டது, பாவம், அவருக்கே தெரியாது போல. அப்புறம் அண்ணன் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்க்ரூடிரைவர் பிடியால் சேசிஸை, அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே போனார். டிங், டிங் என்று ஒரே சத்தம். பின்பக்க ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் மட்டும் இரண்டு தடவை தட்டி, காது கொடுத்துக் கேட்டார். "சட்டம் நல்லாருக்கு. தரைத் தகரத்த மாத்திக்கலாம்" என்றார். சட்டம் பொத்தென்று சத்தம் கொடுத்திருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பது அவர் கணக்கு.

ஃபோர் வீல் வேலை செய்வதைக் காட்ட பெரியவர் வீட்டு வாசல் தார் ரோட்டிலேயே லீவரைப் போடப் போனார். அண்ணன் கையைப் பிடித்துவிட்டார். இந்த வண்டியில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில், இரண்டின் வேக வித்தியாசத்தை ஈடுகட்டும் டிஃபரென்ஷியல் கிடையாது. பிடிப்புள்ள ரோட்டில் ஃபோர் வீல் போட்டுத் திருப்பினால் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து மண் பாதையில் லோ ரேஞ்ச் (வேகம் குறைத்து இழுவை கூட்டும் கியர்) போட்டு இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுப் பார்த்தோம். லீவர் நழுவவில்லை. ஓட்டையைக் காட்டிப் பேசி 4.10-க்கு முடிந்தது.

முடிந்தது என்று நான் நினைத்தேன். ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தால் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தது. "கடன் முடிஞ்சு ஒம்பது வருஷம் ஆச்சே" என்றார் பெரியவர். அடைத்தது உண்மைதான், ரசீது வைத்திருந்தார். ஹெச்.பி. கேன்சல், அதாவது ஆர்.சி.யிலிருந்து அந்தக் கடன் பதிவை நீக்கத்தான் யாரும் போகவில்லை. கடன் முடிந்தது என்று நிறுவனம் முத்திரையோடு ஃபாரம் 35 கொடுக்காமல் வண்டி என் பெயருக்கு மாறாது. அவர்கள் குன்னூர்க் கிளையை மூடிவிட்டுக் கோவைக்குப் போயிருந்தார்கள். அங்கே பழைய ஃபைல் இல்லை என்றார்கள். மூன்று வாரம். நான் 20,000 மட்டும் அட்வான்ஸ் கொடுத்து நிறுத்திவைத்ததால் தப்பித்தேன். ஃபாரம் 35 வந்த அன்றே பெயர் மாற்றும் ஃபாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, பாக்கிப் பணம், சாவி. பழைய ஃபைன் ஏதும் நிலுவை இல்லை என்பதை பரிவாகன் இணையதளத்தில் பார்த்துக்கொண்டேன். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

ஓட்டி வரும்போது அவிநாசி தாண்டி அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. ஸ்டீயரிங் கையை உதறித் தள்ளியது. வேகத்தைக் குறைத்த பிறகுதான் அடங்கியது. முன் சக்கரம் திரும்ப உதவும் கிங் பின் பேரிங் தேய்ந்திருந்தது, ஆயில் சீலும் போயிருந்தது. மலையில் அறுபது தொட இடமில்லாததால் எங்கள் சோதனையில் சிக்கவில்லை. அதற்கும் தரைத் தகரத்துக்குமாக 31,000 ஆனது.

பெயர் மாறியதும் 15 வருட எஃப்.சி., அதாவது வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிப்பது. அந்த அக்டோபரில் ஆர்.சி. முடியவிருந்தது, முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அப்போது கட்டணம் மட்டும் 5,000, பழைய வண்டிக்கான கிரீன் டாக்ஸ் தனி. இன்ஸ்பெக்டர் சேசிஸ் எண்ணைச் சரிபார்த்துவிட்டு முன்னால் இருந்த கம்பி பம்பரைக் கையால் தட்டினார். "இதக் கழட்டிட்டு வாங்க." ஆபீஸ் வெளியே புளியமரத்தடியில் நானும் அண்ணனும் துருப்பிடித்த போல்ட்டுகளோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினோம்.

அந்த பம்பர் இப்போது தோட்டத்தில் மிளகு சாக்கு அடுக்கும் மேடைக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தாண்டவில்லை. கேன்வாஸ் கூரை டிரைவர் பக்கம் இன்னும் ஒழுகுகிறது.