வெள்ளத்துக்குள் வந்த மிட்வைஃப் அக்கா

மூத்தவனைப் பெற்று வீட்டுக்கு வந்த நாலாம் நாள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரை முழுக்க மாரி வெள்ளம். முழங்கால் தண்ணீரில் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார் எங்கள் மிட்வைஃப் அக்கா. பால் கட்டி, காய்ச்சலோடு அழுதுகொண்டு கிடந்தேன். "அழாத புள்ள, இப்படிப் பிடி" என்று முதுகுக்குத் தலையணை வைத்தார். பிள்ளை வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, சட்டென்று மார்போடு அணைத்துக் காட்டினார். அரை மணித்தியாலம் பக்கத்திலேயே இருந்தார். அந்தப் பிடி இன்னும் என் கையில் இருக்கிறது.

1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து, இலங்கையில் தாய்மரணம் குறைந்ததில் அக்கா போன்ற மருத்துவிச்சிகளுக்குப் பெரிய பங்கு. ஆனால் அக்கா இப்போது மிட்வைஃப் இல்லாத பக்கத்துப் பிரிவையும் சேர்த்துப் பார்க்கிறார். ஒரு ஆள் எத்தனை வீட்டுப் படி ஏறுவது?

மே 5 சர்வதேச மருத்துவிச்சிகள் தினம். அதற்கு முன் ஊர்த் தாய்மார் கையெழுத்தோடு மனுக் கொடுக்கப் போகிறோம்: அந்த வெற்றிடத்தை நிரப்புங்கள்.